செஞ்சோற்றுக் கடனும் செங்கோட்டை வழக்கும்

தோற்றுவாய்

1858-ஆம் ஆண்டு மார்ச்சு 10-ஆம் நாள், டாக்டர் வாக்கர் என்னும் கண்காணிப்பாளரின் பொறுப்பில் இருநூறு கைதிகள் இத்தீவின் கரையில் இறக்கப்பட்டனர். முந்தைய ஆண்டுப் பெருங்கிளர்ச்சியில் பங்கு கொண்டோரை நாடு கடத்தும் பொருட்டே இக்குடியேற்றம் தொடங்கப்பெற்றது. கும்பினியின் உப்பைத் தின்று, கும்பினியின் உடுப்பை அணிந்து, பின்னர் அதே கும்பினிக்கு எதிராகத் துப்பாக்கியைத் திருப்பிய சிப்பாய்கள் பலர் இவ்வாறு இங்கு வந்து சேர்ந்தனர். அவர்களைத் துரோகிகள் என்றது அன்றைய அரசு. தியாகிகள் என்று போற்றுகிறது இன்றைய நாடு.

எண்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன. 1942 மார்ச்சு 23-ஆம் நாள் ஜப்பானியப் படை இத்தீவில் இறங்கியது. கூர்க்காப் படைப்பிரிவை ஆங்கிலேயர் முன்னரே அகற்றிவிட்டனர். எஞ்சியிருந்த ஏறத்தாழ 300 சீக்கியக் காவற்படையினர் ஒரு குண்டும் சுடாமல் ஆயுதங்களை ஒப்படைத்தனர். அவர்களுட் பெரும்பாலோர் பின்னர் இந்தியத் தேசிய இராணுவத்தைச் சார்ந்தனர் என்பர். ஆக, இத்தீவின் வரலாறு தொடங்கிய இடத்திலும் திரும்பிய இடத்திலும் அணி மாறிய படைவீரனே நிற்கிறான்.

இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்களிற் பல விடுதலைக்குப் பின் வந்தவை. சில தமிழகத்திலிருந்து நேரே வந்தன. சில பர்மாவிலிருந்து வந்தன. இலங்கைத் தோட்டங்களிலிருந்து கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்திற்கு வந்தவையும் உண்டு. நேதாஜியின் படம் சுவரில் தொங்கும் வீடுகளை நாம் அறிவோம். ஜப்பானியர் என்ற சொல்லைக் கேட்ட அளவிலே பேச்சை நிறுத்திவிடும் ‘லோக்கல் பார்ன்’ குடும்பத்துப் பெரியோரையும் நாம் அறிவோம். இவ்விரு வீடுகளும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஆகவே, சிறைப்பட்ட வீரன் மனம் மாறிய கதையை எழுதிய நூல்களை மதிப்பிடும் உரிமை வேறெவரையும்விட நமக்கு மிகுதி எனலாம். அம்மதிப்பீட்டைச் சிறிது முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபு தரும் அளவுகோல்

வீரன் பகைவர் வயப்படுதலைக் குறிக்கத் தமிழில் பழஞ்சொல் ஒன்று உண்டு: அறைபோதல். திருக்குறளின் படைமாட்சி அதிகாரத்தில் இச்சொல் ஆளப்படுகிறது. பகைவரால் கீழறுக்கப்படுதல் என்று இதற்குப் பொருள் காண்பார் பரிமேலழகர். அறைபோகாமையே நல்ல படைக்கு இலக்கணம். இதற்கு இணையாக நம் மக்கள் நாவில் வழங்குவது செஞ்சோற்றுக் கடன். உண்ட சோற்றுக்கு உயிரை ஈடாகக் கொடுப்பவனே வீரன் என்பது அதன் உட்பொருள். ஆங்கிலேயர் தம் இந்தியப் படையைக் கட்டிக் காத்ததும் ஏறத்தாழ இதே நம்பிக்கையை அடித்தளமாகக் கொண்டுதான். ‘உப்புக்கு உண்மையாக இருத்தல்’ என்பது சிப்பாயின் உறுதிமொழிக்கு உயிராயிற்று.

இந்த ஒரு பக்கத்தோடு நம் மரபு நின்றுவிடவில்லை. கம்பன் தன் யுத்த காண்டத்தில் இரு தம்பியரை எதிரெதிரே நிறுத்துகிறான். கும்பகருணன் தமையன் செய்தது தவறு என்று அறிந்தும், அவன் இட்ட சோற்றுக்காகப் போர்க்களம் செல்கிறான். வீடணன் அதே தவற்றை அறிந்து, தமையனைத் துறந்து, எதிர்ப்பாசறைக்கு வந்து அடைக்கலம் கேட்கிறான். களத்தில் இருவரும் சந்திக்கின்றனர். வந்துவிடு என்கிறான் ஒருவன். வரமாட்டேன் என்கிறான் மற்றவன். இருவரில் ஒருவரையும் கம்பன் சிறுமைப்படுத்தவில்லை.

நாம் கருதவேண்டிய இடம் இன்னும் ஒன்று உண்டு. வீடணன் இராமனை அடைந்த அளவில் அவன் கதையைக் கம்பன் முடித்துவிடவில்லை. அவன் பாசறைக்கு வந்ததும் அவனை நம்பலாமா என்று ஒரு சபையே கூடி ஆராய்கிறது. போர் முடிந்து இராவணன் வீழ்ந்தபின், அவன் உடல்மேல் விழுந்து அழுபவர்களில் வீடணனும் ஒருவன். அணி மாறியவனுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு. அம்மறுநாளில் ஐயமும் அழுகையும் உண்டு என்பதைக் கம்பன் அறிந்திருந்தான்.

இதனையே நாம் அளவுகோலாகக் கொள்வோம். மனம் மாறிய நாளோடு முடிந்துவிடும் நூல் எத்துணை உணர்ச்சியோடு எழுதப்பட்டிருப்பினும் அது பிரசாரத்தின் எல்லையைக் கடப்பதில்லை. மாறிய மறுநாளையும் சொல்லத் துணிந்த நூலே இலக்கியத்தின் வாயிலை அடைகிறது. இவ்வளவுகோலைக் கையிற்கொண்டு சிங்கப்பூருக்குச் செல்வோம்.

ஃபேரர் பார்க் திடலும் ஒரு பகல் விருந்தும்

1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. இரண்டு நாள் கழித்து இந்திய வீரர்கள் மட்டும் ஆங்கில அதிகாரிகளிடமிருந்து பிரிக்கப்பட்டு, ஃபேரர் பார்க் திடலில் கூட்டப்பட்டனர். சிறைப்பட்ட இந்தியர் ஏறத்தாழ 45,000 பேர் எனக் கணக்கிடுவர். ஓர் ஆங்கில அதிகாரி அவர்களை ஜப்பானிய மேஜர் ஃபுஜிவாராவிடம் ஒப்படைத்தார். ஃபுஜிவாரா பேசினார்; அவர் பேச்சு ஆங்கிலத்திலும் பின் இந்துஸ்தானியிலும் பெயர்க்கப்பட்டது. அடுத்துக் காப்டன் மோகன் சிங் பேசினார். இந்தியாவின் விடுதலைக்காகப் போரிட ஒரு படை அமையவிருக்கிறது என்றும், அதில் சேர வாருங்கள் என்றும் அழைத்தார்.

பெரும்பாலான நூல்கள் இந்தத் திடலையே கதையின் உச்சமாகக் காட்டுகின்றன. முழக்கம் எழுந்தது, தொப்பிகள் பறந்தன, மனங்கள் மாறின என்று எழுதிவிடுவது எளிது. ஆயின் கூர்ந்து நோக்கின், மாற்றம் அந்தத் திடலுக்கு முன்னரே தொடங்கிவிட்டமை புலப்படும்.

மோகன் சிங் 14-ஆம் பஞ்சாப் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர். 1941 டிசம்பரில் ஜித்ரா போரில் அவர் படை சிதறியது. காட்டில் அலைந்து, பின் ஜப்பானியரிடம் சரணடைந்தார். அலோர் ஸ்டார் நகரில் கொள்ளை நடந்துகொண்டிருந்தது. ஃபுஜிவாரா அந்நகரின் காவற்பொறுப்பை அதே கைதியிடமே ஒப்படைத்தார். ஆயுதம் பறிக்கப்பட்டவன் கையில் ஓர் ஊரின் அமைதி தரப்பட்டது. இதற்கு நிகரான பிரசாரச் சொற்பொழிவு வேறொன்று இருத்தல் அரிது.

பகல் விருந்து ஒன்றும் நடந்தது. மலாயாப் போரின் அத்தொடக்க நாட்களில் இந்திய வீரர்களைக் கொண்டே இந்திய உணவைச் சமைக்கச் செய்து, ஜப்பானிய அதிகாரிகளும் இந்தியரும் ஒன்றாக அமர்ந்து உண்ண ஃபுஜிவாரா ஏற்பாடு செய்தார். ஆங்கில அதிகாரிகளுடன் எத்தனை ஆண்டு பணிபுரிந்தும் இவ்வாறு உடனமர்ந்து உண்ணும் பேறு தமக்குக் கிட்டியதில்லை என்று மோகன் சிங் நெகிழ்ந்ததை ஃபுஜிவாரா தம் நினைவு நூலில் குறிக்கிறார். அந்நூலின் ஆங்கில வடிவம் 1983-இல் வெளிவந்தது.

இவ்விடத்தில் சற்று நிற்போம். செஞ்சோற்றுக் கடன் என்னும் கட்டு எதனால் அவிழ்ந்தது? மற்றொரு சோற்றினால் அவிழ்ந்தது. முன்னைய சோறு கையில் தரப்பட்டது. பின்னைய சோறு உடனிருந்து பகிரப்பட்டது. வேறுபாடு அவ்வளவே. ஆயினும் மானமுள்ள மனிதனுக்கு அது பெரிது. அரசியற் கொள்கையை விளக்கும் நூறு பக்கங்கள் சொல்லாததை இச்சிறு நிகழ்ச்சி சொல்லிவிடுகிறது. ஃபுஜிவாராவின் நூலில் நிலைத்து நிற்கும் பகுதி இதுவே என்பது நம் துணிபு. அதே வேளையில், விருந்தளித்தவர் உளவுப் பணியின் பொருட்டே அனுப்பப்பட்டவர் என்பதையும் வாசகர் மறத்தல் ஆகாது. அன்பு உண்மையாகவும் இருக்கலாம். அதே அன்பு கருவியாகவும் இருக்கலாம். இரண்டையும் ஒருங்கே தாங்கும் நூலே நம்பத்தக்கது.

1974-இல் வெளிவந்த மோகன் சிங்கின் தன்வரலாற்று நூல் நம் அளவுகோலுக்கு நன்கு ஈடுகொடுக்கிறது. அவர் திடலோடு நின்றுவிடவில்லை. 1942 செப்டம்பரில் முறைப்படி அமைந்த படை, அவ்வாண்டு இறுதிக்குள் அவராலேயே கலைக்கப்பட்டது. ஜப்பானியர் தம்மைச் சமமாக நடத்தவில்லை, கருவியாகவே கருதினர் என்று அவர் முரண்பட்டார். டிசம்பர் இறுதியில் கைது செய்யப்பட்டார். போர் முடியும்வரை காவலிலேயே இருந்தார். ஆங்கிலேயரின் வீரனாகச் சிறைப்பட்டவர், ஜப்பானியரின் தோழனாக மறுபடியும் சிறைப்பட்டார். அணி மாறியும் சிறை மாறவில்லை என்னும் இவ்வுண்மை அந்நூலுக்கு அவலச் சுவையைத் தருகிறது.

ஷா நவாஸ் கானின் நூல் 1946-இல் வந்தது. அவர் படைத்துறையையே குலத்தொழிலாகக் கொண்ட குடும்பத்தவர். முதலில் இப்படையை எதிர்த்தவர். ஃபேரர் பார்க்கில் தாங்கள் ஆட்டு மந்தைபோல் கைமாற்றப்பட்டதாக உணர்ந்தவர். தம் வீரர்களைக் காக்கவேண்டும், இயலுமாயின் உள்ளிருந்தே தடுக்கவேண்டும் என்ற எண்ணத்தோடு நுழைந்து, 1943-இல் நேதாஜி வந்தபின்னரே முழுமனத்தோடு மாறியவர். அரசனா நாடா என்ற கேள்வி தம்முன் நின்றது என்று பின்னர் நீதிமன்றத்தில் கூறினார். நூல் எழுதப்பட்ட ஆண்டு நாடே அவரைத் தலைமேல் தூக்கி ஆடிய ஆண்டு. அதனால் மொழியில் வெற்றி முரசு சற்று மிகுதியாகவே ஒலிக்கிறது. எனினும் தயக்கத்தின் காலத்தை அவர் மறைக்கவில்லை; பர்மாவிலிருந்து பசியோடும் நோயோடும் பின்வாங்கிய நாட்களையும் மறைக்கவில்லை. ஒரே இரவில் ஞானம் பெற்றேன் என்று அவர் கூறாமையே அவர் நூலின் வலிமை.

மறுத்தவரின் குரல்

அணி மாறியவரின் நூல்களை மட்டும் படித்து நிறுத்துவது, வீடணன் அடைக்கலப் படலத்தைப் படித்துவிட்டுக் கும்பகருணனை மறந்துவிடுவதற்கு ஒப்பாகும். மங்களூர்ப் பக்கத்தைச் சேர்ந்த ஜான் பாப்டிஸ்ட் கிராஸ்டா என்பவர் சிங்கப்பூரில் சிறைப்பட்டவர். இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர மறுத்தவர். மறுத்தவர்களிற் பலரைப் போலவே அவரும் கப்பலேற்றப்பட்டு நியூ பிரிட்டன் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். பசியும் நோயும் குண்டுவீச்சும் சூழ்ந்த அடிமை உழைப்பு அங்கே காத்திருந்தது. போர் முடிந்த சூட்டோடு அவர் எழுதிவைத்த நினைவுகள் அரை நூற்றாண்டு கழித்து அவர் மகனால் அச்சேறின.

இந்நூலில் அலங்காரம் இல்லை. கணக்கெழுதுபவரின் நேர்த்தியே உண்டு. மறுத்தவர்கள்மேல் சிங்கப்பூர் முகாம்களிலேயே செலுத்தப்பட்ட வலுக்கட்டாயத்தையும் அவர் சொல்கிறார். நேதாஜியை வணங்கும் நம் நெஞ்சுக்கு அப்பக்கங்கள் உவப்பளிப்பன அல்ல. ஆயினும் அவற்றைப் படிக்காமல் நாம் செய்யும் திறனாய்வு ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்வதேயாகும். மறுத்தவரும் இந்தியரே. அவர்கள் ஆங்கிலேயர்மேல் கொண்ட காதலால் மறுத்தனர் என்று கூறுவதற்கில்லை. கொடுத்த சொல், வீட்டில் காத்திருக்கும் குடும்பம், ஜப்பானியர்மேல் அவநம்பிக்கை ஆகிய மூன்றும் அவர்களைத் தடுத்தன.

போருக்குப்பின் ஆங்கில உளவுத்துறை மீண்டுவந்த வீரர்களை வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்று நிறமாகப் பிரித்தது. மாறாதவன் வெள்ளை, மாறித் தயங்கியவன் சாம்பல், முழுதும் மாறியவன் கறுப்பு. அரசின் ஏடுகளுக்கு இப்பிரிவு போதுமானது. மேற்கண்ட மூவர் நூல்களையும் படித்தவர்க்கு ஒரே மனிதனுக்குள் ஒரே வாரத்தில் மூன்று நிறமும் வந்து போயிருக்கும் என்பது விளங்கும்.

இன்னொரு சொல்லும் இத்தகைய ஆராய்ச்சியில் குறுக்கிடுவதுண்டு. அது மூளைச்சலவை. 1950-இல் கொரியப் போர்க்காலத்தில் ஆங்கிலத்தில் பரவிய சொல்லின் தமிழாக்கம் இது. அப்போரில் சிறைப்பட்ட அமெரிக்கருள் 21 பேர் தாயகம் திரும்ப மறுத்தபோது, அவர்கள் மூளை கழுவப்பட்டது என்று கூறி உலகம் அமைதி அடைந்தது. அங்கே கைதிகளின் விருப்பத்தைக் கேட்டறியும் நடுநிலை நாடுகளின் ஆணையத்துக்குத் தலைமை தாங்கியவர் நம் ஜெனரல் திம்மையா. அவருடைய தமையனாரே சிங்கப்பூரில் சிறைப்பட்டு இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்தவர் என்பது வரலாற்றின் விந்தை. மூளைச்சலவை என்ற சொல் வீரனுக்கு அறிவே இல்லை என்று கொள்கிறது; மனமாற்றம் என்ற சொல்லோ அவனுக்குப் பசியே இல்லை என்று கொள்கிறது. இரண்டும் முழு மனிதனைக் காட்டா. இலக்கியத்தின் வேலை இவற்றின் இடையில் இருக்கிறது.

தமிழில் இக்கதை

தமிழில் இதனை எழுதியவர் யார் எனின், ப. சிங்காரம் ஒருவரையே முதலிற் சுட்டவேண்டும். சிங்கம்புணரியில் பிறந்து, 1938-இல் இந்தோனேசியாவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்று, போர் முடிந்து 1946-இல் திரும்பியவர். அவருடைய ‘கடலுக்கு அப்பால்’ 1959-இலும், ‘புயலிலே ஒரு தோணி’ 1972-இலும் வெளிவந்தன.

‘கடலுக்கு அப்பால்’ நாவலின் செல்லையா, வட்டிக்கடையில் வளர்ந்து, நேதாஜியின் படையில் சேர்ந்து, போர் முடிந்து மீண்டும் பினாங்குக்கு வருபவன். துப்பாக்கி பிடித்த கை இனிப் பேரேட்டில் பணிந்து எழுதாது என்று அஞ்சும் முதலாளி, தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுக்கிறார். போர்க்களத்தைவிட அதன் பிந்திய கடைவாசலையே ஆசிரியர் விரித்துரைக்கிறார். ‘புயலிலே ஒரு தோணி’யின் பாண்டியனோ அப்படையில் உயர்ந்து, படை கலைந்தபின் இந்தோனேசிய விடுதலைப் போரில் கலந்து, ஊர் திரும்ப எண்ணும் வேளையில் மடிகிறான். தமிழ்ப் பெருமிதம், தேசப்பற்று, வீரம் ஆகிய அனைத்தையும் எள்ளல் கலந்த பரிவோடு நோக்கும் நாவல் அது. மறுநாள் என்னும் நம் அளவுகோலில் சிங்காரம் முழு மதிப்பெண் பெறுகிறார் என்று தயங்காமல் கூறலாம்.

ஆயினும் ஒன்று குறைகிறது. செல்லையாவும் பாண்டியனும் குடிமக்களாக இருந்து தாமே சென்று சேர்ந்தவர்கள். மலாயாவிலும் பர்மாவிலும் அவ்வாறு சேர்ந்த ஆயிரக்கணக்கானோரில் பெரும்பான்மையினர் தமிழர். ஆகவே அவர் கதையைத் தமிழ் எழுதியது இயல்பே. அவர்கள் எந்த உறுதிமொழியையும் முறிக்கவில்லை. எவருடைய உப்புக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்லை. உறுதிமொழி எடுத்து, சிறைப்பட்டு, பசித்து, சொற்பொழிவு கேட்டு, இரவில் புரண்டு படுத்து, காலையில் கையை உயர்த்திய சிப்பாயின் உட்கதை தமிழ்ப் புனைகதையில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. சிறைப்பட்டோருள் தமிழரும் இருந்தனர். அவர்கள் குரல் எங்கே?

சாட்சிக் கூண்டில் ஒரு தமிழ்க் குரல்

அக்குரல்களுள் ஒன்று நாம் எதிர்பாராத இடத்தில் கிடைக்கிறது. 1945 நவம்பரில் டில்லிச் செங்கோட்டையில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர்மேலும் இராணுவ நீதிமன்ற வழக்குத் தொடங்கியது. எதிர்த்தரப்பு வழக்கறிஞர் புலாபாய் தேசாய் அழைத்த சாட்சிகளுள் ஒருவர் லெப்டினண்ட் கர்னல் ஏ. டி. லோகநாதன். பெயரிலேயே ஆர்க்காட்டைத் தாங்கிய ஆர்க்காடு துரைசாமி லோகநாதன், இந்திய மருத்துவப் பணியைச் சார்ந்த மருத்துவர். சிங்கப்பூரில் சிறைப்பட்டபோது ஐம்பது வயதைக் கடந்தவர். இந்தியத் தேசிய இராணுவத்தின் மருத்துவப் பிரிவை நடத்தியவர். தற்காலிக அரசில் இடம் பெற்றவர். நமக்கு நெருக்கமான செய்தி பின்வருவது: 1944 பிப்ரவரியில் இத்தீவுகளின் தலைமை ஆணையராக வந்தவர் அவரே.

அவர் வந்த காலத்தை நினைவுகூர்வோம். 1943 டிசம்பர் 30-இல் ஜிம்கானா மைதானத்தில் நேதாஜி மூவண்ணக் கொடியை ஏற்றினார். தீவுகளுக்குச் ஷஹீத், சுவராஜ் என்று பெயரிட்டார். செல்லுலார் சிறையையும் பார்வையிட்டார். இந்திய சுதந்திரக் கழகத்தின் உள்ளூர்த் தலைவரும், மருத்துவரும், பஞ்சாபிக் கவிஞருமான திவான் சிங் அதே சிறையில் சித்திரவதைக்கு உள்ளாகி 1944 ஜனவரி 14-இல் இறந்தார். கொடியேற்றி ஒரு மாதம் நிறைந்த நாளில், ஜனவரி 30-இல், ஹம்ப்ரிகஞ்சில் 44 பேர் ஒற்றர் என்ற ஐயத்தில் சுட்டுக் கொல்லப்பட்டனர். மக்களின் துன்பம் நேதாஜியின் செவிக்கு எட்டாதவாறு ஜப்பானியர் பார்த்துக்கொண்டனர் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து.

இத்தகைய தீவுக்கே லோகநாதன் ஆணையராக வந்தார். நீதிமன்றத்தில் அவர் கூறியதன் சாரம் இது: நிருவாகம் முழுவதையும் ஜப்பானியர் கையளிக்கவில்லை; காவல்துறையைத் தர மறுத்தனர்; காவல்துறையின்றி ஏனைய துறைகளை ஏற்க அவர் உடன்படவில்லை; கல்வித்துறையை மட்டுமே ஏற்று நடத்தினார்.

இச்சான்றினை வழக்கேடாக மட்டும் அன்றி இலக்கியமாகவும் நாம் படிக்கலாம். தற்காலிக அரசுக்கு ஆளும் நிலம் இருந்தது என்று நிறுவுவது அவரை அழைத்த தரப்பின் தேவை. அந்நிலத்தின் ஆட்சி பெயரளவே என்று நிறுவுவது அரசுத் தரப்பின் தேவை. தம் தோழர்களின் உயிர் தொங்கும் வழக்கில், தம் தரப்புக்குப் பாதகமான உண்மையையும் அம்முதியவர் மறைக்கவில்லை. காவல்துறை இல்லை என்ற இரண்டு சொற்களின் பின்னே எத்தனை கதவு தட்டல்கள், எத்தனை தாய்மாரின் கண்ணீர், எத்தனை இரவுகள் இருந்திருக்கும் என்பதை இத்தீவில் வாழும் நாம் உய்த்துணரலாம். குடிமக்களைப் பிடித்துச் செல்பவன் ஒருவன். ஆணையர் என்ற பட்டம் தாங்கியவன் மற்றொருவன். இக்கொடிய நிலையில் பள்ளிக்கூடங்களையாவது நடத்துவோம் என்று எண்ணிய மருத்துவரின் மனத்தை எந்த நாவலும் இன்னும் திறக்கவில்லை.

உடல்நலம் குன்றி, அவ்வாண்டிலேயே அவர் இங்கிருந்து நீங்கினார். 1945 ஏப்ரலில் நேதாஜி இரங்கூனை விட்டுச் சென்றபோது, நகரில் கொள்ளையும் கொலையும் நேராதவாறு காக்கும் பொறுப்பு 5,000-க்கும் மேற்பட்ட வீரர்களோடு லோகநாதனிடமே விடப்பட்டது. ஆங்கிலப் படை வரும்வரை அப்பணியைச் செய்து, பின் சரணடைந்தார். இருமுறை சிறைப்பட்டவர் அவர். முதல் முறை ஓர் அரசனின் மருத்துவராக. இரண்டாம் முறை ஒரு நாட்டின் படைத்தலைவராக. இடையில் இத்தீவில் இருந்த மாதங்களையும் சிறை என்று எண்ணுவோமாயின் மும்முறை எனலாம். 1949-இல் அவர் மறைந்தார்.

செங்கோட்டை மூவருக்கும் விதிக்கப்பட்ட தண்டனை ஆயுட்கால நாடு கடத்தல். 1857-இன் சிப்பாய்களை இக்கரையில் இறக்கிய அதே தண்டனைச் சொல் அது. நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பால் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் அத்தண்டனையை நீக்கினார். பதவிப் பறிப்பை நிலைநிறுத்தினார். அந்தமானைப் படைத்த தண்டனை, 1946-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் நிறைவேற்ற முடியாத தண்டனையாயிற்று. உறுதிமொழியை முறித்தவர்கள் பொருட்டு மக்கள் உறுதியாக நின்றனர்.

நிறைவாக

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்குவோம். சிறைப்பட்ட வீரனின் மனமாற்றத்தை முழக்கமாகச் சொன்ன எழுத்துகள் மங்கிவிட்டன. விருந்தைச் சொன்ன ஃபுஜிவாராவும், மறுசிறையைச் சொன்ன மோகன் சிங்கும், தயக்கத்தைச் சொன்ன ஷா நவாஸும், மறுப்பைச் சொன்ன கிராஸ்டாவும், கடைவாசலைச் சொன்ன சிங்காரமும் நிற்கின்றனர். சாட்சிக் கூண்டில் சில சொற்கள் மட்டுமே சொன்ன லோகநாதனும் அவர்களோடு நிற்கிறார். இவர்கள் யாவரும் மாறிய நாளைவிட மறுநாளை மதித்தவர்கள்.

நம் தீவுகளின் பெயர்கள் இன்று மாறியுள்ளன. 2018-இல் ராஸ் தீவு நேதாஜியின் பெயரைப் பெற்றது. நீல், ஹேவ்லாக் தீவுகள் ஷஹீத், சுவராஜ் என்ற பெயர்களைப் பெற்றன. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. பெயர் சூட்டுவது அரசின் பணி. அப்பெயர்களின் பின்னுள்ள வாழ்வை எழுதுவது எழுத்தாளரின் பணி. டிசம்பர் 30-இன் கொடியை எழுதுவோர், ஜனவரி 30-இன் ஹம்ப்ரிகஞ்சையும் எழுதவேண்டும். அங்கே நிற்கும் நினைவுச்சின்னத்துக்கு நம் பிள்ளைகளை அழைத்துச் செல்வது கொடியை இகழ்வதாகாது. கொடிக்காக மனிதர் கொடுத்த விலையை முழுமையாக எண்ணிப் பார்ப்பதாகவே அது அமையும்.

பர்மாவிலிருந்து வந்த குடும்பங்களின் பெட்டிகளில் பழைய புகைப்படங்கள் இருக்கலாம். பாட்டனார் எந்த முகாமில் இருந்தார், ஏன் சேர்ந்தார், அல்லது ஏன் மறுத்தார் என்று வீட்டில் வழங்கும் செய்திகள் இருக்கலாம். அவை பெருமைக்குரியனவாக இல்லாவிடினும் எழுதப்படட்டும். இத்தகைய மலர்களின் பக்கங்கள் அவற்றுக்கு இடம் தரும். சிறையிலிருந்த தமிழ்ச் சிப்பாயின் முழுக்கதையை எழுதப்போகும் நாவலாசிரியர் இத்தீவின் பள்ளிகளில் இன்று படிக்கும் பிள்ளைகளுள் ஒருவராக இருப்பின், அவருக்கு அக்குறிப்புகளே முதற்பொருளாகும். கும்பகருணனையும் வீடணனையும் ஒரே நெஞ்சில் தாங்கிய கம்பன் காட்டிய வழி அவர்முன் திறந்தே கிடக்கிறது.